இன்சூரன்ஸ் ஃபாரத்தின் ஒன்பதாவது கேள்வி

ஏகாம்பரம்,

கடிதத்தின் தலையில் க்ஷேமம் எழுதுவது வழக்கம். ராயபுரத்தில் பாதிப் பேருக்கு அதை எழுதிக் கொடுத்தவனே நான்தான். இங்கே க்ஷேமம் இல்லை, அதனால் எழுதவில்லை. நீ ரங்கூன் கப்பல் ஏறி நாலு மாதமாகிறது. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறாய் என்று உன் கார்டில் இருந்தது. அதே மில்லில் மூன்று லாரி ஓடுகிறதாம், ஆனால் டிரைவர் வேலை கேட்க உனக்குப் பயமாம். கேட்டால் பட்டணத்தில் என்ன ஓட்டினாய், யாரிடம் ஓட்டினாய் என்று இங்கே எழுதி விசாரித்துவிடுவார்களாம். "இவன் கைல ஸ்டியரிங்க குட்தா வண்டில ஒக்காந்துகீறவன் தூங்கிப்பூடுவான்பா, அம்மாம் ஸோக்கா ஓட்டுவான்" என்று லாரிக்காரர் காசீம் பாய் மெச்சிய பிள்ளை நீ. இன்றைக்கு இந்த ஊரில் உன்னை எந்த வண்டியையும் ஓட்டவிடாமல் ஒரு காகிதம் தடுத்துக்கொண்டிருக்கிறது. அதை நிரப்பியவன் நான். பொய்யன் என்ற பேர் உனக்கு. அந்தப் பேரைத் துடைக்க நான் என்ன செய்தேன், என்ன செய்யாமல் இருந்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தில் நடுவிலேயே கிழித்துப் போட்டுவிடாதே. கடைசியில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

உன் அம்மா எதிரில்தான் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறாள். "ரெண்டு வரி எய்தச் சொன்னா இன்னாய்யா பத்தரமா எய்திகினு கீறே? அந்த ஊர்த் தண்ணிய காய்ச்சிக் குடிக்கச் சொல்லு. வவுத்த காயப்போட வேணாம்னு சொல்லு" என்கிறாள். சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். இப்போது உன்னிடமும் சொல்லிவிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதது இன்றைக்கு எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. இப்படி நினைக்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் கையெழுத்து உனக்குத் தெரியும். ஹார்பரில் முப்பது வருஷம் மூட்டை எண்ணி எழுதிய டாலி கிளார்க்கின் கை. வேலை விட்டு வந்தால் வாசலில் நாலு பேர் மனுவோடு நிற்பார்கள். ஹார்பர் கேட்டில் ஐம்பது வயது தாண்டிய ஆளை எடுக்கமாட்டார்கள். பெரியசாமிக்கு நான் மூன்று தடவை நாற்பத்தெட்டு என்று எழுதினேன். தீப்பெட்டி பாக்டரிக்குப் போகிற பொடிசுகளுக்கு வயதைக் கூட்டினேன். உன் வயதே என் பேனாவில் இரண்டு தடவை மாறியதுதான்: பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒன்று கூட்டினேன், நாலாவதில் நீ தவறியபோது ஒன்று குறைத்தேன். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. கைகூப்பிவிட்டுப் போனார்கள், சில பேர் வாழைப்பழமும் கொடுத்தார்கள். "காயிதம் இன்னா கேக்குதோ அத்த குட்த்துடணும், அப்பால அது கம்முனு பூடும்" என்று நான் பெருமையடித்துக்கொண்டதை எத்தனை தடவை கேட்டிருப்பாய்? எனக்கு அது தர்மம் மாதிரி இருந்தது. டாலி புஸ்தகத்தில் மட்டும் ஒரு மூட்டை கூடக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அது கம்பெனி காகிதம், இது ஏழைகளின் காகிதம் என்று மனசுக்குள் ஒரு பிரிவினை வைத்திருந்தேன்.

மோட்டார் ஆசை உன்னுடையது, ஆனால் அவசரம் என்னுடையது. காசீம் பாயின் லாரியில் மூன்று வருஷம் கிளீனராகக் கிடந்தாய். சக்கரம் கழுவி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, ஹாண்டில் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை புடைத்துப்போன பிறகுதான் பாய் ஸ்டியரிங்கைத் தொடவிட்டார். நீ போலீஸ் ஆபீஸில் பரீட்சை கொடுத்து லைசென்ஸோடு வந்த அன்று தெருவே வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. மூன்றே மாதத்தில் மவுண்ட் ரோடு டீலர் ஒருவனிடம் கித்தான் மூடி போட்ட பழைய கார் ஒன்று தவணைக்குக் கிடைத்தது. கப்பலில் இறங்குகிறவர்களை ஏற்றலாம், ஞாயிற்றுக்கிழமையானால் எண்ணூருக்குக் காற்று வாங்கப் போகிற துரைமார்களை ஏற்றலாம் என்று நீ விரல் மடக்கிச் சொன்னாய். டீலர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: தவணை தீரும்வரை கார் அவனுடையது, அதனால் இன்சூரன்ஸ் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் சாவி கொடுக்கமாட்டான். அதுவரை அந்த வார்த்தையை நான் கப்பல் சரக்குக்குத்தான் கேட்டிருந்தேன். மனுஷன் ஓட்டுகிற வண்டிக்கும் உண்டு, அதிலும் புதிதாக ஓட்டுகிறவன் என்றால் கூட்டிக் கேட்பார்கள் என்பது தெரியாது.

நாம் அலைந்த அலைச்சலை மறந்திருக்கமாட்டாய். பீச்சோரத்தில் முதல் கம்பெனிக்காரன் உன் லைசென்ஸின் தேதியைப் பார்த்துவிட்டுச் சொன்ன தொகை என் மூன்று மாதச் சம்பளம். நீ வெளியே வந்து சிரித்தாய்: "கார இன்சூர் பண்ண இன்னொரு கார விக்கணும் போலக் கீதே நைனா." இரண்டாவது கம்பெனியில் புது டிரைவர் என்றதும் நாற்காலிகூடக் காட்டவில்லை. மூன்றாவது இடத்தில்தான் மரியாதையாகப் பேசினார்கள். தலைமைக் குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக உன்னைப் பார்த்து, "அனுபவமுள்ள டிரைவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டட்டும். அவர் கைப்பட ஒரு கடிதம் வாங்கி வாருங்கள். கூடுதல் தொகையில் பாதியைத் தள்ளித் தருகிறோம்" என்றார். ஆறே மாதம். பாதித் தொகை. அது நம்மால் கட்டக்கூடிய தொகைதான். காசீம் பாயும், "எங்க லாரிய ஓட்டட்டும், நான் குந்திகினு வர்றேன், எனக்கின்னா வேலை? ஆறு மாசம் ஒரு கண்ண மூடித் தொறந்தா பூடும்பா" என்றார். நீயும் தலையாட்டினாய். நான்தான் குதித்தேன். டீலரிடம் வேறு ஆள் கேட்டு வந்திருக்கிறான், கார் போய்விடும் என்றேன். எனக்கு இன்னும் ஒரு வருஷத்தில் ரிடையர்மெண்ட், அதற்குள் நீ காலூன்றிக்கொள்ள வேண்டும் என்று என் கணக்கு. என் பிள்ளை சொந்தக் கார் ஓட்டுவதை ஹார்பர் கேட்டில் நாலு பேர் பார்க்கவேண்டும் என்ற சபலமும் இருந்தது. அதை அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து அதே கம்பெனியின் ஏஜெண்டு ஒருவன் மூலமாக இங்கிலீஷ் ஃபாரம் வாங்கிவந்தேன். அவன் வெளியூர் வசூலுக்குப் போகிற ஆள், நம் முகம் அவனுக்குத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக உனக்குப் படித்துச் சொல்லி நிரப்பினேன். ஒன்பதாவது கேள்வி: வண்டியை ஓட்டப்போகிறவர் எத்தனை வருஷமாக ஓட்டுகிறார்? நீ, "மூணு மாசம்னு எய்து நைனா" என்றாய். நான் ஐந்து வருஷம் என்று எழுதினேன். உனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியுமே, எட்டிப் பார்த்துவிட்டாய். "இன்னா நைனா, அஞ்சுனு போட்டுகீறே?" "கம்முனு கெடடா. கிளீனரா மூணு வருசம் இருந்தே இல்ல? அதுவும் வண்டில தானே?" "மூணுதானே அது, அஞ்சு எங்கேர்ந்து வந்துச்சி?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊர் முழுக்க எழுதிக் கொடுக்கிறவனுக்குப் பெற்ற பிள்ளை பாடம் சொல்ல வந்துவிட்டான் என்று கத்தினேன். வாக்குவாதம் வேண்டாம் என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாய். அப்பன் நீட்டினாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று இப்போது புத்தி சொல்லலாம். நீயோ பார்த்துத்தான் போட்டாய். எனக்காகப் போட்டாய்.

குறைந்த தொகைக்குச் சீட்டு வந்தது. ஏழு வாரம் ஓட்டினாய். அந்த ஏழு வாரமும் நம் வீட்டில் எப்படி இருந்தது என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, திருவொற்றியூர் ரோட்டில் தீப்பெட்டி பாக்டரிக்கு மரம் ஏற்றிவந்த மாட்டுவண்டி சந்திலிருந்து திரும்பியது. "பிரேக்கத்தான் மிதிச்சேன் நைனா, வண்டி வழுக்கிகினு பூட்ச்சி" என்றாய். வண்டிக்காரன் முனுசாமியின் கால் நுகத்தடிக்கும் காருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மழை, சந்து, இரண்டு பக்கமும் தப்பு என்று சொல்லிப் போலீஸ்காரர்கள் அபராதத்தோடு விட்டார்கள். உன் லைசென்ஸைத் தொடவில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதே, முனுசாமிக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும், காரையும் சீர்செய்து தரும் என்று நான் தைரியம் சொன்னேன். உன் முகம் மட்டும் தெளியவில்லை. நான் மறந்துவிட்ட ஒன்பதாவது கேள்வியை நீ மறக்கவில்லை.

கம்பெனியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதே தலைமைக் குமாஸ்தா, தினம் நூறு முகம் பார்க்கிறவர், நம்மை அடையாளம் தெரியவில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். அவர் ஃபாரத்தைத் திருப்பி வைத்தார். "லைசென்ஸ் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. இதில் ஐந்து வருஷம் என்றிருக்கிறது. யார் இதைப் பூர்த்தி செய்தது?" நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். நீ திரும்பவே இல்லை. "கோர்ட்டாண்ட மரத்தடில ஒரு ரைட்டருகிட்ட எய்திகினேன் சார். நான் சொன்னதத்தான் அவரு எய்தினாரு" என்றாய். "ஐந்து என்று நீதான் சொன்னாயா?" "ஆமா சார், நான்தான்." அதை ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டி, உன் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். ஏகாம்பரம், உன் வாயில் நான் கேட்ட முதல் பொய் அது. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்தால்கூட நீயே வந்து சொல்லி அடி வாங்குவாய். டாலி கிளார்க் பொய் எழுதுகிறவன் என்று தெரிந்தால் ஹார்பரில் என்னை ஒரு நாள் வைத்திருக்கமாட்டார்கள், ரிடையர்மெண்ட் பணமும் போய்விடும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் நின்ற இடத்திலேயே நின்றேன். வெளியே வந்ததும் நீ, "பசிக்குது நைனா, நாஷ்டா துன்னலாமா?" என்றாய். இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். அந்த இட்லி எப்படி எனக்கு இறங்கியதோ தெரியவில்லை, ஆனால் இறங்கியது.

பொய்த் தகவல் என்று சீட்டை ரத்து செய்தார்கள். டீலர் காரை இழுத்துக்கொண்டு போனான். முனுசாமிக்குக் கம்பெனியிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதோடு முடிந்திருந்தால்கூட நீ இன்னொருவர் வண்டியை ஓட்டிப் பிழைத்திருப்பாய். கம்பெனிகள் தங்களுக்குள் பேர் சொல்லி எழுதிக்கொள்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. உன்னை டிரைவராக எடுத்த பாயின் லாரிக்கு, இந்த ஆள் ஓட்டினால் இன்சூரன்ஸ் கிடையாது என்று கடிதம் வந்தது. பாய் நம் வாசலில் நின்று உள்ளே வர மாட்டேன் என்றார். "பேஜாராப் பூட்ச்சிப்பா. லாரி நின்னா எங்கூட்ல பத்து வயிறு காயும். என்ன மன்னிச்சுடு" என்று அழுதார். நீதான் அவரைத் தேற்றி அனுப்பினாய். நாலு இடம் கேட்டாய், நாலு இடத்திலும் அதே கடிதம். சட்டைப் பையில் லைசென்ஸ் பத்திரமாக இருந்தது, ஓட்ட ஒரு வண்டி இல்லை. நீ ரங்கூனுக்குப் போகிறேன் என்றபோது நான் ஏன் என்று கேட்கவில்லை.

நீ போன பிறகு முனுசாமி வீட்டுக்குப் போனேன். அவனை வெளியே கயிற்றுக் கட்டிலில் போட்டிருந்தார்கள். அவன் பெண்சாதி பூங்காவனத்திடம், அந்த ஃபாரத்தை எழுதியது நான்தான், என் பிள்ளை இல்லை என்றேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். "யாரு எய்தினா இன்னா, பெரியவரே? காலு மொளைக்குமா? ஒதுங்கி நில்லு, வெய்யில மறைக்கறே" என்றாள். காசீம் பாயிடமும் சொன்னேன். "ஏம்பா, எம்மாம் பேருக்கு எய்திக் குட்த்தவன் நீ. உம் புள்ளைக்காக ஒரு தபா வாயத் தொறந்து பேசக் கூடாதா?" என்றார்.

போனேன். கம்பெனிக்கு எப்போது போனேன் தெரியுமா? ரிடையரான மறுநாள். பணம் கைக்கு வந்த மறுநாள். முந்தின நாள் இல்லை, கவனித்துக்கொள். தலைமைக் குமாஸ்தா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது நான், மூன்று மாதம் என்று சொன்ன பிள்ளையை அதட்டிக் கையெழுத்து வாங்கியதும் நான், அவன் பேரை எடுத்துவிடுங்கள் என்றேன். என் கையெழுத்தைப் போட்டுக் காட்டினேன். அவர் நல்ல மனுஷர். ஃபைலைத் தருவித்து இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நீங்கள் சொல்வது நிஜம்தான் என்று தெரிகிறது" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு உன் வாக்குமூலத் தாளை எடுத்து வைத்தார். "மரத்தடி ரைட்டர் எழுதினார் என்று உங்கள் பிள்ளை இங்கே கையெழுத்திட்டிருக்கிறார். நீங்கள் சொல்வதை நான் பதிவு செய்தால் இதுவும் பொய் என்று ஆகும். இப்போது ஒரு பொய் இருக்கிறது. அப்புறம் இரண்டு இருக்கும். விசாரணையில் சொன்ன பொய் என்பதால் போலீஸுக்குக்கூட அனுப்பச் சொல்வார்கள். பதிவு செய்யட்டுமா?" என்று கேட்டார். நீ பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. அன்றைக்கே நான் கதவோரத்திலிருந்து நாலடி முன்னால் வந்திருந்தால் உன் பேர் அந்த ஃபைலில் சுத்தமாக இருந்திருக்கும். இப்போது என் நிஜம் உனக்கு விலங்கு மாட்டும். வேண்டாம் சார் என்றேன். அவர் ஃபைலைக் கட்டிவைத்துவிட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஆகவே மகனே, உன் பேரைத் துடைக்க வழி இல்லை. நான் செத்தாலும் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் எங்கே போகிறேன் என்று காலையில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். "சொல்ட்டியா? புள்ள பேர எட்த்துட்டாங்களா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். எடுத்துவிட்டார்கள் என்றேன். ஏகாம்பரம், என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம், கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டேன். அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு தெரு முழுக்கப் போய்ச் சொன்னாள். உன் கோரைப்பாயை உதறி வெய்யிலில் போட்டாள். அடுத்த கப்பலில் வந்துவிடுவான், காசீம் பாய் லாரி இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதோ இப்போதும், "எந்தக் கப்பல்ல வர்றான்னு கேட்டியா?" என்று கேட்கிறாள். கேட்டிருக்கிறேன் என்றேன்.

வந்துவிடாதே. வந்தால் பாய் மறுபடி வாசலில் நின்று அழுவார், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அவள் அதைத் தாங்கமாட்டாள், என்னை மன்னிக்கவும் மாட்டாள். ரங்கூன் உனக்குப் பிடித்துவிட்டது, அங்கேயே மில்லில் லாரி ஓட்டக் கொடுத்துவிட்டார்கள், கை நிறையச் சம்பளம், இப்போதைக்கு ஊருக்கு வருவதாக இல்லை என்று அம்மாவுக்கு ஒரு கடிதம் வரவேண்டும். நான் படித்துக் காட்டுவேன், ஆனால் ரங்கூன் முத்திரையைத் தபால்காரரிடம் காட்டி விசாரிக்காமல் நம்பமாட்டாள். உன் கையெழுத்தின் சுழியும் அவளுக்கு அடையாளம் தெரியும். நீ சிரமப்பட வேண்டாம். இதோடு தனித்தாளில் அந்தக் கடிதத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
உன் நைனா